நியூயார்க்குக்குத் தூது போய் பிட்ஸ்பர்க்கில் நாற்காலி காத்த கதை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வாயால் நீங்கள் கேட்பதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பிட்ஸ்பர்க் என்ற ஊர் நியூயார்க்கை ஒட்டி இருக்கிறது என்று நம்பித்தான் நான் அமெரிக்காவுக்குக் கிளம்பினேன். எங்கள் பக்கம் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிப் பெருமாட்டி இருக்கிறதல்லவா, அப்படி. சாயங்காலம் ஒரு டீயைக் குடித்துவிட்டு நடந்தால் சுதந்திரதேவி சிலையின் காலடிக்குப் போய்விடலாம் என்று எங்கள் ஊர் முதலமடை டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களும் என்னை மாதிரிதான்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் படம் போட்டுக் காட்டினார். முதலமடையிலிருந்து சென்னை எவ்வளவு தூரமோ அதைவிடக் கூடுதல். அப்போது எனக்குக் கீழே சமுத்திரம். இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று பெல் அடிக்கவும் முடியாது.

நான் மாங்காய்க்காரன். அடுத்தவர் தோப்பைப் பூவிலேயே பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பேசி எடுத்து, காய் பறித்து, வடக்கே லாரி ஏற்றி அனுப்புகிற தொழில். எங்கள் பக்கத்து மாங்காய் மற்ற ஊர்க் காய்க்கு முன்னால் சந்தைக்கு வந்துவிடும், முன்னாலேயே முடிந்தும்விடும். மழை பிடித்துவிட்டால் நான் வீட்டில் சும்மா இருப்பேன். நான் சும்மா இருப்பதை என் மனைவி சரஸ்வதியால் தாங்க முடியாது. பிட்ஸ்பர்க்கில் எங்கள் மகள் நித்யாவுக்கு ஐந்தாம் மாதம். "பிரசவத்துக்கு நான் போயிக்கிறேன். இப்ப மழைக்கு நீங்க போயிப் புள்ளயப் பாத்துட்டு வாங்க. நீங்க ஊட்டுல இருந்தா மாடுகூட ஒழுங்காக் கறக்க மாட்டேங்குது" என்றாள்.

நான் போகும் செய்தி தெரிந்ததும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சம்பந்தி வந்தார். மாப்பிள்ளை கோகுலின் அப்பா. கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். பேச்சில் மகா கஞ்சம். அவர் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். ஃபோனில் என்றால் வைத்துவிடுவார். பிடித்திருந்தால் அடுத்து ஆக வேண்டிய வேலையைச் சொல்வார். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பந்தலுக்கு ஓலை என்ற தோப்புல இருந்து வந்துரும்" என்றார். கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு விலாவாரியாகப் பேசினார். கோகுலுக்கு நியூயார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நித்யா பிட்ஸ்பர்க்கை விட்டு நகர மாட்டேன் என்கிறது. "அப்பன் சொன்னாக் கேக்குமுங்க. நியூயார்க்குக்குக் கெளப்பி உட்டுட்டு வாங்க." காரணம் இருந்தது. மகன் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறான் என்று எந்தக் கல்யாண வீட்டில் சொன்னாலும், "அது ஜெர்மனிங்களா?" என்று கேட்கிறார்களாம். நியூயார்க் என்றால் அடுத்த கேள்வி வராது.

"உட்டாச்சுன்னு வெச்சுக்குங்க சம்பந்தி" என்றேன். என் மகள் என் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அமெரிக்காவில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாய். விமான நிலையத்தில் பெட்டிகளை மோந்துகொண்டே வந்தது, என் துணிப்பையின் பக்கத்தில் நின்றது, அப்புறம் உட்கார்ந்துகொண்டது. நான் அதன் தலையைத் தடவப் போனேன். அது உட்கார்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் என்பது, இரண்டு அதிகாரிகள் வந்து பையைக் கவிழ்த்த பிறகுதான் புரிந்தது. உள்ளே வேட்டி, சரஸ்வதி கொடுத்துவிட்ட பருப்புப் பொடி, ஒரு மங்கி குல்லாய். மாங்காய் இல்லை. மறுபடி கட்டினார்கள், நாய் மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் அதிகாரி அம்மாள் பையை மறுபடி காலிசெய்து தன் மூக்கருகே கொண்டுபோய், "இது என்ன வாசம்?" என்று கேட்டார். சீசன் முழுக்க மாங்காய் சுமந்த பை. "தொழிலுங்க" என்றேன். சிரித்துவிட்டார். நாய் மட்டும் என்னை நம்பவில்லை.

பிட்ஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சுரங்கம். எங்கள் பக்கத்துக் குதிரான் மலைச் சுரங்கத்தை நினைத்துக்கொண்டு, இது முடிந்ததும் லாரி வரிசையும் டோல்கேட்டும் வரும் என்று எதிர்பார்த்தேன். சுரங்கம் முடிந்த அதே நொடியில் கார் ஒரு பாலத்தின் மேல் இருந்தது. கண்ணெதிரில் நகரம் மொத்தமும். கண்ணாடிக் கட்டடங்கள், கீழே ஆறு, ஆற்றின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்த பாலங்கள் வரிசையாக. போடியிலிருந்து ஏறி ஏறி, போடிமெட்டில் மூடுபனி விலகியதும் கீழே சமவெளி திறக்குமே, அந்தத் திடுக்கிடல். "நியூயார்க்கு மாதிரியே இருக்குது மாப்ள" என்றேன். கோகுல் வேகத்தைக் கூட்டினான். மாப்பிள்ளையை அவன் இவன் என்று எழுதுவது சரஸ்வதிக்குப் பிடிக்காது. என் மகளுக்குச் சமைத்துப்போட்டு அவளிடம் திட்டும் வாங்குகிற பிள்ளை எனக்கு அவன்தான்.

வீடு ஒரு மலைச்சரிவில். போடிமெட்டுப் பாதையிலாவது கொண்டை ஊசி வளைவு உண்டு. இங்கே தெருவை நேராகச் செங்குத்தாக ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், ஓரமெல்லாம் கார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தூதை ஆரம்பித்தேன். "கண்ணு, இந்த நியூயார்க்குன்னு பாத்தீன்னா..."

"அப்பா, ரசம் ஊத்திக்குங்க" என்றாள் நித்யா.

ஊற்றிக்கொண்டேன். முதல் நாள் தூது அத்துடன் முடிந்தது.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நித்யா ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். காரை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப சாயங்காலம் ஆறரை ஆகும். கோகுல் பஸ்ஸில் போய்வருவான். நான் ஊர் பார்க்கப் பஸ் ஏறினேன். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் வருவார் என்று காசை விரலிடுக்கில் மடித்து வைத்துக் காத்திருந்தேன். பஸ் நகரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எதிர் சீட்டு அம்மாள் மெதுவாக, "டிரைவர் பக்கத்துல இருக்கற பெட்டிலதான் போடணும். உங்களுக்காகத்தான் நிக்கிறாரு" என்று கைஜாடையோடு சொன்னார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மாங்காய் மண்டி ஆங்கிலம். லோடு, கிரேடு, டேமேஜ், அட்வான்ஸ். மிச்சத்தை ஜாடையில்தான் புரிந்துகொள்வேன். புரிந்த மட்டும் தமிழாக்கி இங்கே எழுதுகிறேன்.

அந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். நம் ஊரில் டிரைவரிடம் இறங்கும்போது சொல்வதை எழுத முடியாது. நானும் நன்றி சொல்லி இறங்கினேன். இறங்கியதும் கை சும்மா இருக்கவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்" என்றேன். பஸ் அலறிக்கொண்டு நின்றது. யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து டிரைவர் இறங்கி ஓடிவந்தார். சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். வேறு என்ன செய்வது?

செல்ஃபோன் காட்டிய தெருவுக்குள் திரும்பினால் தெருவே படிக்கட்டு. வீட்டு விலாசமெல்லாம் அந்தப் படிகளில்தான். தபால்காரர் ஏறி இறங்குகிறார். மேலே போகிறவர்களுக்கு இழுவை ரயில் வேறு வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் கம்பி கட்டி இழுக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஏறியதும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பழனி விஞ்ச்சில் போய்ப் பழகிய உடம்பு. உச்சியில் சாமி இல்லை என்று சொன்னால் நம்பாது. உச்சியில் இருந்தது ஒரு கைப்பிடிச் சுவர்தான். கீழே இரண்டு ஆறுகள் வந்து முட்டி மூன்றாவதாக ஒன்றாகிப் போகின்றன. பக்கத்தில் நின்ற கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது எனக்கு இப்படித்தான் புரிந்தது. "இந்த ஊருக்கு யாராவது லீவுக்கு வருவாங்களான்னு உங்கம்மா கேட்டாங்க." "வந்தவங்க யாரும் போய்ச் சொல்லல போலிருக்கு. நாமளும் சொல்ல வேண்டாம்."

மத்தியானம் ஒரு கடையில் ரொட்டிக்கு நடுவில் கறி, அதற்கு மேல் உருளைக்கிழங்குப் பொரியல், அதற்கும் மேல் கோஸ் என்று அடுக்கிக் கொடுத்தார்கள். தட்டில் தனியாக எதுவும் இல்லை. சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிடித்துக் கையில் வைத்த மாதிரி. வாயை எவ்வளவு திறந்தும் உள்ளே போகவில்லை. பக்கவாட்டிலிருந்து மாடு வைக்கோல் இழுப்பதுபோல இழுத்துத் தின்றேன். அருமையாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் நாற்காலி சமாசாரம்.

பிற்பகலில் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டுக்கு முன்னால், வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவில் ஒரு கார் அளவு இடம் காலி. அந்தக் காலி இடத்தில், ரோட்டின் மேலேயே, ஒரு பழைய சமையலறை நாற்காலி. இரும்புக் கால், சிவப்பு ரெக்சின் சீட்டு, கிழிசலில் டேப் ஒட்டியிருந்தது. மேடு ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்க உட்காரட்டும் என்று யாரோ புண்ணியவான் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். உட்கார்ந்தேன். நல்ல காற்று. ஒரு கார் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்துவிட்டுப் போனது. கையசைத்தேன். இன்னொரு காரும் அப்படியே செய்தது. அமெரிக்கர்கள்தான் எவ்வளவு மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேகம் கறுத்தது. எங்கள் பக்கம் மழை வந்தால், வெளியே கிடப்பது யாருடையது என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. கொப்பரையோ, மிளகாயோ, துணியோ, முதலில் பார்த்தவர் அள்ளி உள்ளே போடுவார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி மகள் வீட்டு முன்வராந்தாவில் போட்டேன். என் துண்டாலேயே ஈரம் துடைத்தேன். அடுத்தவர் பொருளைக் காப்பாற்றிய திருப்தியோடு உள்ளே போய் டீ போட்டேன். டீ கொதிப்பதற்குள் அந்தக் காலி இடத்தில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றுவிட்டது.

ஆறரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழையில் நித்யாவின் கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தாண்டிப் போனது. மூன்றாவது தடவைக்கப்புறம் காணோம். வெகுநேரம் கழித்து, மேட்டின் அடியிலிருந்து ஓர் உருவம் ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி ஏறி வந்தது. நாலடி நடப்பதும் நிற்பதுமாக. அது என் மகள்.

குடையோடு ஓடினேன். அவள் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, "சேரு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னாலேயே எதிர்வீட்டம்மாள் வந்தார். பெயர் பெக்கி. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. யார் நாற்காலியை எடுத்தது என்று கேட்டார். நெஞ்சில் கைவைத்து, நான்தான் என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

பெக்கி பேசியதை நித்யா மொழிபெயர்த்தாள். ஆனால் அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. என் காதில் அது பச்சைக் கொங்குத் தமிழாகவே விழுந்தது. "ஏனுங்க, பனி கொட்டறப்ப வெச்ச சேரு பங்குனி வரைக்கும் அசையாம நிக்குமுங்க இந்தத் தெருவுல. கள்ளன்கூட அதத் தொட மாட்டானுங்க. நீங்க கொண்டுபோயித் தொடச்சு வேற வெச்சிருக்கீங்க."

விஷயம் இதுதான். அந்த ஊரில் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தைப் பிடித்துவைக்க நாற்காலி போடுவார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் நாற்காலி இருக்கிற இடத்தில் எவரும் வண்டியை விடமாட்டார்கள். பெக்கியிடம் இப்போது கார் இல்லை, விற்றுவிட்டார். மாசமான புதிதில் நித்யா ஒருநாள் மேடு ஏற முடியாமல் தலைசுற்றிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதை ஜன்னலிலிருந்து பார்த்த பெக்கி, மறுநாளிலிருந்து தினமும் பிற்பகலில் தன் சமையலறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து தன் வீட்டுக்கு முன்னால் போடுகிறார். ஆறரைக்கு என் மகள் வந்து வண்டியை நிறுத்தட்டும் என்று.

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் செய்யாததா? ஜன்னல் வழியாகத் துண்டை வீசினால் சீட்டு பிடித்தாகிவிட்டது. துண்டு யாருடையது, ஆள் எங்கே என்று எவரும் கேட்பதில்லை; அந்தத் துண்டின் மேல் உட்கார எவருக்கும் துணிச்சலும் கிடையாது. நான் வளர்ந்த வளர்ப்புக்கு அந்த நாற்காலியைப் பார்த்த உடனே விளங்கியிருக்க வேண்டும். நானோ அடுத்தவர் போட்ட துண்டை எடுத்து, துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்தவன்.

ராத்திரி நித்யா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது. "நியூயார்க்கு நல்ல ஊருதாம்ப்பா. நான் இல்லேங்கல. ஆனா அங்க எனக்கு யாரு சேரு போடுவா, சொல்லுங்க."

"ரசம் இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை கோகுல் ஒரு திட்டத்தோடு வந்தான். சிலைதான் பார்க்க முடியவில்லை. நயாகரா அருவியையாவது மாமனார் பார்க்கட்டும். கொஞ்சம் சுற்றிப் போனால் வழியில் கிளீவ்லேண்ட், அப்புறம் பஃபலோ. நித்யா காலை நீட்டிப் படுத்துக்கொள்ள, பெக்கி துணைக்கு வர, நாங்கள் இருவரும் கிளம்பினோம். மாப்பிள்ளை வழியெல்லாம் பேசவில்லை. நான் சம்பந்தியின் ஆள் என்று பயந்துகொண்டு ஓட்டுகிறான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து அவனுக்குத் தூக்கம் வராமலிருக்க மாங்காய் ரகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

கிளீவ்லேண்டில் பழைய சந்தைக்கட்டடம் ஒன்று. மேலே மணிக்கூண்டு, உள்ளே சாசேஜ், பன்றிக்கால், பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்று கடைகள். கொழுக்கட்டை மாதிரி ஒன்றை வேகவைத்து வெண்ணெயில் புரட்டிக் கொடுத்தார்கள். பூரணத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு. எங்கள் தெருப் பிள்ளையார் பார்த்தால் குழம்பிப்போவார். ஒரு கடையில் மாம்பழம் இருந்தது. கல்யாணப் பெண் மாதிரிச் சிவப்பு. எடுத்துக் காம்பு முனையை மோந்தேன், ஒன்றுமில்லை. இன்னொன்றை மோந்தேன். பெட்டி முழுக்க மோந்து முடித்ததும் கடைக்காரர், "ஐயா, வாங்குற எண்ணம் இருக்கா, இல்ல மூக்கு வைத்தியமா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். கோகுல் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

ஊரின் ஓரத்தில் ஏரி. ஏரி என்றதும் மலம்புழா அணை அளவில் ஒன்றை நினைத்திருந்தேன். அக்கரையே இல்லை. அலையடிக்கிறது, கடற்பறவை கத்துகிறது. நம்பிக்கை வராமல் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் ஒருதரம் நக்கிப் பாக்கத்தான் செய்யறாங்க" என்று அவர் சொன்னதாகக் கோகுல் சொன்னான். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதோ என்னவோ.

பஃபலோவுக்குள் நுழையும்போது டயர் வெடித்தது. எருமை என்ற பெயருடைய ஊரில் வண்டி படுத்துக்கொள்வது நியாயம்தான். தள்ளிக்கொண்டுபோய் ஒரு டயர் கடையில் சேர்த்தோம். கடைக்காரர், அந்த அளவு டயர் வேறு இடத்திலிருந்து வர வேண்டும், சாயங்காலமாகிவிடும் என்றார். நயாகரா அங்கிருந்து அரைமணி நேரத் தூரம். டாக்சி வைத்துப் போகலாமா என்று கோகுல் கேட்டான். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "இங்கே நிக்கிறவங்க எல்லாரும் அருவிக்குப் போற வழியில நிக்கிறவங்கதான். இந்த ஊர்ல உக்காந்து ஒருவாய் சாப்பிட்டவங்கள நான் பாத்ததில்ல" என்றார். அதில் ஒரு ரோஷம் இருந்தது. எனக்கு அந்த ரோஷம் பிடித்துப்போயிற்று. அதிரப்பள்ளி அருவிக்குப் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"உக்காரலாம் மாப்ள" என்றேன்.

பக்கத்துக் கடையில் கோழி இறக்கையை மிளகாய்ச் சாற்றில் புரட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டாவது துண்டிலேயே கோகுலின் கண்ணில் தண்ணீர்.

"என்ன மாப்ள?"

"காரமுங்க மாமா."

எனக்குக் காரம் தெரியவில்லை. கொழிஞ்சாம்பாறையில் மிளகாய்ச் சட்னி தின்று வளர்ந்த பிள்ளைக்கா இது காரம்? தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, சும்மா இருந்தேன். எனக்கு அது அரிய காரியம்.

"எனக்கும் போகப் புடிக்கலீங்க மாமா" என்றான் கடைசியில். "நித்யாதான் வரமாட்டேங்குதுன்னு அப்பா நெனச்சுட்டு இருக்கறாரு. நான் அதத் திருத்தவே இல்லீங்க. பழிய அவ மேல போட்டுட்டுச் சும்மா இருந்துட்டனுங்க. இங்க பஸ் டிரைவருக்கு என்ற பேரு தெரியும். ஆபீஸ் முடிஞ்சா நேரா ஊட்டுக்கு வந்தர்றேன். அங்க போனாப் புள்ள தூங்குனப்பறம்தான் மூஞ்சியே பாப்பேன். ஆனா அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாருங்களே. கொளத்து மேட்டுல இருந்து கோயில் வரைக்கும் சொல்லிட்டாரு."

அப்போதுதான் எனக்கே என் தொழில் ஞாபகம் வந்தது. "நான் தோப்புப் பேசப் போனா மொதல்ல எங்க போவேன் தெரியுமா மாப்ள? ரோட்டோர மரத்தப் பாக்கவே மாட்டேன். தோப்புக்காரன் தண்ணி ஊத்தறது, மருந்தடிக்கறது எல்லாம் ரோட்டோர மரத்துக்குத்தான். பாக்கறவன் மயங்கோணும்னு. நான் வேலிய நீக்கிட்டு உள்ள, அஞ்சாவது ஆறாவது வரிசைக்குப் போவேன். அங்க பூ நின்னாத்தான் தோப்பு. இத்தன வருசம் கண்டவன் தோப்புக்கெல்லாம் அப்படிப் பாத்தவன், என்ற புள்ளைக்கு ஊரு பாக்கறப்ப மட்டும் ரோட்டோரத்துல நிக்கற செலையப் பாத்து மயங்கிட்டேன் பாத்துக்க."

கோகுல் மூக்கை உறிஞ்சினான். "அப்ப பிட்ஸ்பர்க்கு உள் வரிசைங்களா மாமா?"

"நல்லாப் புடிச்சிருக்குது. காயும் வெச்சிருக்குது."

அவன் மூஞ்சி மலர்ந்தது. மலர்ந்த கையோடு, "இத அப்படியே எங்கப்பாட்ட நீங்களே சொல்லிருங்க மாமா" என்று என் தட்டில் இன்னொரு இறக்கையை வைத்தான். வாயால் கெட்டவன் நான் என்று சரஸ்வதி சொல்வது சும்மா இல்லை.

டயர் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பஃபலோ வரை போய் நயாகராவைப் பார்க்காமல் திரும்பினேன். மறுநாள் காலை ஃபோனில் கேட்ட சரஸ்வதி, "செலையும் இல்ல, அருவியும் இல்ல. ஆழியாறுக்கே போயிருக்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் முழுக்க சம்பந்தியைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கூப்பிடாமல் இருந்தேன். எனக்குப் புது உத்தியோகம் வேறு வந்துவிட்டது. நாற்காலியை எடுத்ததற்குப் பெக்கி விதித்த தண்டனை: தினமும் பிற்பகலில் நாற்காலியைப் போட்டு, நித்யா வரும்வரை அதில் நானே உட்கார்ந்திருக்க வேண்டும். மழையானால் குடையோடு. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. தபால்காரர் வணக்கம் சொன்னார். அந்தப் பெரிய வண்டிக்காரர் ஒருநாள் நின்று, அன்றைக்குத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். தெரியாமல் எடுத்தவன் நான்தான் என்று சொல்ல ஆங்கிலம் போதாமல், "டேமேஜ் இல்ல" என்றேன்.

கோகுல் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஃபோன் அடித்தது. வீடியோவில் சம்பந்தி. கொழிஞ்சாம்பாறையில் விடிகாலை நாலு மணி. அவர் களத்துக்குக் கிளம்புகிற நேரம். எனக்கு இங்கே வெயில் அடித்தது, அவருக்குப் பின்னால் சேவல் கூவியது.

"என்னாச்சுங்க?" என்றார்.

வீட்டு ஜன்னலில் திரை ஆடியது. கோகுல்தான். பெக்கி தன் வாசல்படியில் காபிக் கோப்பையோடு நின்றார். நான் ஃபோனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேச்சை நிறுத்தாமல் பேசியதில்லை. பஸ்ஸைத் தட்டியது, நாற்காலியைத் துடைத்தது, அவருடைய மருமகள் மழையில் கம்பியைப் பிடித்து ஏறி வந்தது, வீங்கின பாதம், எதிர்வீட்டம்மாள், பொள்ளாச்சித் துண்டு, ரோட்டோர மரம், உள் வரிசை. கேமராவைத் திருப்பிப் பெக்கியைக் காட்டினேன். அவர் கோப்பையை உயர்த்தினார். "இவங்கதானுங்க சேரு போடறவங்க" என்றேன். அப்புறம், கேமராவை என் பக்கம் திருப்பி, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிட்டேன். "மாப்ளைக்கும் போக இஷ்டமில்லீங்க சம்பந்தி. உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டு இருக்கறாரு. நீங்க கல்யாண ஊட்டுல நியூயார்க்குன்னே சொல்லிக்குங்க. யாருங்க வந்து பாக்கப் போறா? நானே அப்படி நம்பித்தான் வந்தேன்."

சம்பந்தி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவல் மறுபடி கூவியது. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வைத்துவிட்டால் முடிந்தது, மறுப்பு. ஜன்னலில் திரை ஆடுவது நின்றிருந்தது.

என் பின்னால் மேட்டில் ஒரு கார் ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. "ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி. நியூயார்க்கா, இல்லீங்களா?"

சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"மொதல்ல எந்திரிங்க, மருமக வண்டிய நிறுத்தட்டும்" என்றார்.